பின்வளவு ஆஷ் மரத்தில் ஓர் அலுமாரி

புலம்பெயர்ந்து வந்த எம்மவருள் பலரின் முதலாவது அலுமாரி வாழைப்பழப் பெட்டியாகவே இருந்திருக்கும். எமக்கும் அவ்வாறே. அகதிக் கோரிக்கை விசாரணைக்கு நாள் குறிக்கப்படாமல் காத்திருந்த முதலாம் ஆண்டில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில், கடைக்காரர் கழித்துவிட்ட நான்கு வாழைப்பழப் பெட்டிகளைச் சுவரோரமாக அடுக்கி, அவற்றினுள் உடுபுடவைகளை வைத்திருந்தோம். பின்னர், குப்பை எடுக்கும் நாளுக்கு முந்திய இரவில், தெருவோரத்தில் கிடந்த அலுமாரி ஒன்றை நண்பரும் நாமுமாகத் தூக்கி வந்தோம். அது மரமன்று, மரத்தூளைப் பசையிட்டு அழுத்தி, அதன்மேல் மரத்தின் ரேகை அச்சிட்ட தாளை ஒட்டிய பலகை. முதலாவது முறை வீடு மாறியபோது அதன் முதுகுத்தகடு கழன்றது. இரண்டாவது முறை திருகாணிகள் பிடிப்பை இழந்தன. மூன்றாவது முறை அதனை மீண்டும் தெருவோரத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

நல்ல மரத்தில் தளபாடம் வாங்குவதற்குப் பெரும் பணம் வேண்டும். ஆயினும் நல்ல மரம் இந்நாட்டில் எம்மைச் சுற்றியே நிற்கின்றது. வீட்டு வளவுகளிலும் வீதியோரங்களிலும் பட்டுப்போகும் மரங்களிற் பல, இயந்திரத்தினுள் தள்ளப்பட்டுச் சிராய்களாகிப் பூம்பாத்திகளிற் கொட்டப்படுகின்றன. எமது பின்வளவில் நின்ற மரமொன்றை அந்த இயந்திரத்துக்குக் கொடாது, நாமே பலகையாக அரிந்து, இரண்டு கோடைகள் உலரவிட்டு, ஓர் அலுமாரி செய்த விதத்தை இங்கு எழுதுகின்றோம். நாம் விட்ட பிழைகளையும் மறைக்கவில்லை. செய்து பார்க்க எண்ணும் வாசகருக்கு அவையே கூடுதலாகப் பயன்படும் என நம்புகின்றோம்.

நாம் தச்சுத் தொழில் அறிந்தவரல்லர். அறிந்தவர் எமது மனைவியின் தந்தையார். வலிகாமம் வடக்கில் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர். வன்னிக் காட்டு முதிரையிலும் ஊர் வேம்பிலும் கதவு, நிலை, கட்டில், அலுமாரி என்று செய்து கொடுத்தவர். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டு பலாலி, காங்கேசன்துறைப் பகுதி மக்கள் வெளியேறியபோது, பட்டறையையும் தம்முடைய தகப்பனார் செய்த முதிரை அலுமாரியையும் விட்டுவிட்டு, அந்த அலுமாரியின் லாச்சிக்குள் இருந்த காணி உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கனடா வந்தபின் பதினேழு ஆண்டுகள் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. அக்காலம் முழுவதும் அவர் சீவுளியைத் தொட்டதில்லை. உறுதி ஒரு பிஸ்கற் தகரத்தினுள் கிடந்தது.

வண்டு கொன்ற மரம்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே நாம் வாங்கிய வீட்டின் பின்வளவில் இரண்டு பெரிய ஆஷ் மரங்கள் நின்றன. எமது மக்கள் பலருக்கு மேப்பிள் மரத்தைத் தெரிந்த அளவுக்கு ஆஷ் மரத்தைத் தெரியாது. தாவரவியலார் இதனை ஒலிவ் மரத்தின் குடும்பத்திற் சேர்ப்பர். எமது முற்றத்து மல்லிகையும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்று அறிந்தபோது எமக்கு வியப்பாக இருந்தது. ஆஷ் மரம் வெண்மையானது, நேரான நார் உடையது, அடி தாங்கும் வலிமை கொண்டது. ஐஸ் ஹொக்கித் தடிகளையும் பேஸ்போல் மட்டைகளையும் சம்மட்டிக் கைப்பிடிகளையும் நெடுங்காலமாக இம்மரத்திலேயே செய்து வந்தார்கள்.

2013 ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மரத்தின் உச்சிக் கிளைகள் தளிர்க்கவில்லை. அடுத்த ஆண்டு மரங்கொத்திகள் வந்து பட்டையை உரித்துத் தின்னத் தொடங்கின. உரிந்த இடத்தில், ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் சிறு துளைகள் தெரிந்தன. கிழக்காசியாவைச் சேர்ந்த, மரகதப் பச்சை நிறமான ஆஷ் துளைப்பான் வண்டின் அடையாளம் அதுவே. 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெற்றொயிற் நகரிலும் அதற்கு எதிர்க்கரையில் உள்ள ஒன்ராறியோவின் வின்சர் நகரிலும் இவ்வண்டு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கப்பற் சரக்குகளைப் பொதிசெய்த மரப்பெட்டிகளுடன் அது வந்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகின்றது. 2007 இல் ரொறன்ரோவிலும் காணப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவான நீளமுடைய இப்பூச்சி கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றுவிட்டது. நாடு விட்டு நாடு செல்லும் பொதிமரங்களை, அவற்றின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்து 30 நிமிடம் நிற்கும்வரை சூடாக்க வேண்டும் என்று சர்வதேச விதி இருப்பது இத்தகைய பூச்சிகளைத் தடுப்பதற்கே. களஞ்சியசாலையில் வேலை செய்யும் வாசகர்கள் சரக்குத் தட்டுகளின் ஓரத்திற் சுடப்பட்டிருக்கும் முத்திரையைக் கண்டிருப்பார்கள். அம்முத்திரை இவ்விதியைக் குறிப்பது.

இவ்வண்டின் புழு மரத்தின் வைரத்தைத் தின்பதில்லை. பட்டைக்குக் கீழே, உணவு ஓடும் மென்மையான படையை நெளிநெளியாக அரித்துச் செல்லும். அதனால் மரம் பட்டினியில் இறக்கும். பட்டையையும் அதன்கீழ் உள்ள மெல்லிய படையையும் நீக்கிவிட்டால், உள்ளேயுள்ள மரம் பழுதற்றதாகவே இருக்கும். இதனை நாம் நூலகத்திற் படித்து வந்து மாமாவிடம் கூறினோம். அவர் வளவுக்குள் இறங்கி, மரத்தைச் சுற்றி வந்து, ஒரு கல்லால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "உள்ளை நல்லாயிருக்கு தம்பி. வெட்டுறவங்களிட்டைத் துண்டு போட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றார்.

வண்டால் நட்டம் அடைந்தவர்களுள் எம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள் பெரியவர்களல்லர். இந்நிலத்தின் முதற்குடிகள், குறிப்பாக மோகோக்கும் அனிஷினாபேயும், கறுப்பு ஆஷ் என்னும் இனத்தின் அடிமரத்தைச் சம்மட்டியால் அடித்து அடித்து, ஆண்டு வளையங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கூடை பின்னி வருகின்றார்கள். எமது பெண்கள் பனையோலையைச் சார்வாக வார்ந்து பெட்டி இழைப்பதை ஒத்த வேலை. தாயிடமிருந்து மகளுக்கு வந்த இத்தொழிலுக்கு வேண்டிய மரத்தை இப்பூச்சி அழித்துக்கொண்டிருக்கின்றது.

மரம் வெட்டுமுன் சட்டத்தை அறிந்துகொள்ளல் அவசியம். சொந்த வளவில் நிற்கும் மரந்தானே என்று எண்ணிவிடலாகாது. ரொறன்ரோ மாநகரில், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. பட்ட மரத்துக்கு விலக்கு உண்டெனினும், அது பட்ட மரம் என்பதை மாநகரசபை ஏற்கவேண்டும். பிற ஊர்களில் வேறு விதிகள். அத்துடன், நாம் வெட்டிய காலத்தில் வண்டு பரவிய பகுதியிலிருந்து ஆஷ் மரத்தை மட்டுமன்றி, எந்த மரத்தின் விறகையும் வெளியே கொண்டுசெல்வது மத்திய அரசின் உணவுப் பரிசோதனை முகவரகத்தால் தடுக்கப்பட்டிருந்தது. அமெரிக்கா 2021 இல் தனது மத்திய தடையை நீக்கிக்கொண்டது. விதிகள் மாறுவன, கேட்டறிவதே நன்று.

வெட்டுவதை மட்டும் நாம் செய்யவில்லை. பட்டுப்போன ஆஷ் மரம் விரைவில் முறியும் தன்மை அடைந்துவிடும். கயிறு கட்டிச் சாய்க்கும்போது உச்சியிலிருந்து கிளை ஒடிந்து விழுவதுண்டு. தொழில் தெரிந்தவர்கள் 2015 ஆம் ஆண்டு மார்கழியில் வந்து இரண்டு மரங்களையும் இறக்கினார்கள். அடிமரத்தை ஒன்பது அடி நீளக் குற்றிகளாக விட்டுச் செல்லுமாறு கேட்டபோது, எதற்கு என்று வியப்புடன் வினவினார்கள். சிராயாக்கும் வேலை குறைந்ததால் கூலியிலும் சிறிது குறைத்தார்கள்.

ஏணி வைத்து அரிந்தோம்

குற்றிகளை மர ஆலைக்குக் கொண்டுசெல்லலாமே என்று வாசகர் கேட்கலாம். நாமும் கேட்டுப் பார்த்தோம். வீட்டு வளவு மரம் என்றதும் ஆலைக்காரர் மறுத்துவிட்டார். வளவு மரங்களினுள் ஆணி இருக்கும். ஆணியில் மோதினால் வாள் அழியும். ஆகவே, சங்கிலி வாளுடன் பொருத்தும் இரும்புச் சட்டகம் ஒன்றை வாங்கினோம். வாளின் அலகை இச்சட்டகம் இரு பக்கமும் பிடித்து, வேண்டிய கனத்தில் நிறுத்தி வைக்கும். குற்றியின்மேல் அதனைத் தள்ளிச் சென்றால் பலகை ஒன்று அரிபட்டு வரும்.

முதலாவது வெட்டுக்குத்தான் சிரமம். உருண்டையான குற்றியின்மேல் சட்டகம் தட்டையாக இருக்க இடமில்லை. அதற்காக அலுமினிய ஏணி ஒன்றைக் குற்றியின் மேல் நேராகப் படுக்கவைத்துத் திருகாணியிட்டு, அந்த ஏணியின்மேல் சட்டகத்தை ஓட்டினோம். முதற்பலகையைக் கழித்தபின் கிடைத்த தட்டையான முகமே அடுத்த வெட்டுக்கு வழிகாட்டியாயிற்று. சங்கிலியும் வேறு. குறுக்கே வெட்டும் சங்கிலியின் பற்கள் ஏறத்தாழ 30 பாகை சரிவில் தீட்டப்பட்டிருக்கும். நாரின் வழியே நீளமாக அரிவதற்கு 10 பாகையளவில் தீட்டிய சங்கிலி வேண்டும். நாம் முதலிற் சாதாரண சங்கிலியை மாட்டினோம். அரை மணித்தியாலத்தில் மூன்று அடி கூடச் செல்லவில்லை. பலகையின் முகமோ உழுத வயல் போல் இருந்தது. சரியான சங்கிலியுடன் ஒன்பது அடிப் பலகைக்குப் பதினைந்து நிமிடம் சென்றது. காதடைப்பு, கண்ணாடி, முகமூடி, சங்கிலியிலிருந்து காலைக் காக்கும் கனத்த காற்சட்டை ஆகியன இன்றி இவ்வேலையில் எவரும் இறங்கக்கூடாது. சிக்கனம் பார்க்கும் இடம் இதுவன்று.

மாமா கதிரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இருவர் சேர்ந்து நீள வாளால் மரம் அரிவார்கள். ஒருவர் குற்றியின்மேல், மற்றவர் கீழே. மேலே நிற்பவர் கோட்டைப் பார்ப்பார், கீழே நிற்பவரின் கண்களில் தூள் கொட்டும். தாம் பதினான்கு வயதிற் கீழே நின்றதாகவும், தகப்பனார் இறங்கிக் கீழே வந்த நாளைத் தாம் கண்டதேயில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். இந்த வாளின் இரைச்சலை அவர் விரும்பவில்லை. வாள் தின்னும் மரத்தின் அளவையும் அவர் விரும்பவில்லை. எமது சங்கிலியின் வெட்டு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலம். நாம் அரிந்த பலகையின் கனம் ஒன்றேகால் அங்குலம். அதாவது நான்கு பலகைக்கு ஒரு பலகை வீதம் தூளாகப் போகின்றது. ஆலைகளின் பட்டி வாளில் இவ்விழப்பு மூன்றில் ஒரு பங்கே.

இரண்டாம் நாள் மாலை, மூன்றாவது குற்றியின் நடுவே வாள் தீப்பொறி கக்கி நின்றது. ஆலைக்காரர் சொன்ன ஆணி. பட்டையிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே, கொடிக்கயிறு கட்டுவதற்கு யாரோ அடித்த கொளுக்கி. மரம் அதனை மூடி வளர்ந்திருந்தது. வளையங்களை எண்ணிப் பார்த்தோம். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் இதே வளவில் ஒரு பெண் துணி உலர்த்தியிருக்கிறாள். சங்கிலி பயனற்றுப் போயிற்று.

இரண்டு கோடைகள்

அரிந்த அன்றே செய்யவேண்டிய ஒன்றை நாம் மறுநாள் செய்தோம். மரத்தின் ஈரம் அதன் வெட்டுமுனைகள் வழியாகவே மிக விரைவாக வெளியேறும். முனை முந்தி உலர்ந்து சுருங்க, உட்பகுதி சுருங்காது நிற்க, வெடிப்பு விழும். ஆதலின் முனைகளில் மெழுகோ தடித்த வர்ணமோ உடனடியாகப் பூசவேண்டும். களைப்பினால் நாளை என்று படுத்துவிட்டோம். காலையில் ஏழு பலகைகளின் முனைகளில் இரண்டு அங்குல நீளத்துக்கு வெடிப்பு. பிற்பாடு அப்பகுதிகளை அறுத்து எறிய நேர்ந்தது.

பட்டையைச் சீவி எரித்தோம். ஆஷ் மரத்தின் வெளிர்ப்பகுதியை உளு விரும்பும் என்பதால், போரன் உப்புக் கரைசலைத் தூரிகையாற் பூசினோம். அதன்பின் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கற்களை வைத்து, பலகைகளை அடுக்கினோம். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஓர் அங்குலச் சதுரச் சிலாகைகள், ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில். சிலாகை ஒன்று விலகினாலும் பலகை அந்த இடத்தில் வளையும். மேலே தகரக்கூரை, அதன்மேற் பாரத்துக்குச் சீமெந்துக் கற்கள். பக்கங்கள் திறந்தே இருந்தன. காற்றே உலர்த்தும், வெயில் அன்று.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது இங்குள்ளோரின் பொதுக்கணக்கு. நாம் இரண்டு கோடைகள் விட்டோம். ஈரமானி 2017 ஐப்பசியில் 14 வீதம் காட்டியது. ஒன்ராறியோவில் வெளியே காற்றில் உலரும் மரம் அதற்குக் கீழே அதிகம் இறங்காது. பின்னர் பலகைகளை வீட்டின் நிலக்கீழ் அறைக்குள் கொண்டுவந்து அடுக்கினோம். மூன்று மாதங்களில் 8 வீதம்.

இக்காத்திருப்பை எமது நண்பர் ஒருவரிடம் விவரித்தபோது அவர் கூறியதை இங்கு பதியவேண்டும். அவர் ஐந்து ஆண்டுகளில் ஆறு வீடுகள் மாறியவர். அவரது மேன்முறையீடு அப்போதும் முடிந்திருக்கவில்லை. "இரண்டு வருசம் ஒரு இடத்திலை மரம் அடுக்கி வைக்கிற ஆளுக்கு ஏன் அலுமாரி? அவருக்கு எல்லாம் கிடைச்சிட்டுது தானே," என்றார். எமக்கு மறுமொழி வரவில்லை. இவ்வேலைக்கு முதலில் வேண்டுவது வாள் அன்று, இருக்க ஒரு வளவு. அது இல்லாதோர்க்கும் ஒரு வழி உண்டு: வளவுடைய உறவினர் ஒருவரின் கூரையோரத்தில் பத்துப் பலகைகளை அடுக்குவதற்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. அந்நண்பரின் பலகைகள் பின்னர் எமது கராஜிலேயே உலர்ந்தன.

அந்த இரு ஆண்டுகளில் மாமா வீட்டுமுன் விற்பனைகளுக்குச் சென்று பழைய சீவுளிகளையும் உளிகளையும் ஐந்து டொலர், பத்து டொலருக்கு வாங்கிச் சேர்த்தார். துருவைத் தேய்த்து, அலகைத் தீட்டி, முழங்கையின் உரோமத்தில் வைத்துப் பார்ப்பார். மாமி அதைக் கண்டால் ஏசுவார். எமது பிள்ளைகளோ, அறைக்கு அறை சுவருடன் சேர்ந்த உடுப்பு அறை இருக்கும்போது அலுமாரி எதற்கு என்று கேட்டார்கள். "உறுதியை எங்கை வைக்கிறது?" என்று மாமா திருப்பிக் கேட்டார். பிள்ளைகளுக்கு உறுதி என்றால் என்னவென்று முதலில் விளக்க வேண்டியிருந்தது.

அலுமாரியின் அமைப்பு அவருடையது. ஆறடி உயரம், மூன்றரை அடி அகலம், பதினெட்டு அங்குல ஆழம். இரண்டு கதவுகள், உள்ளே நான்கு தட்டுகள், நடுவே இரண்டு லாச்சிகள். அவற்றின் பின்னால், தெரியாதவர் காணமுடியாத மூன்றாவது சிறு லாச்சி. கைநடுக்கம் காரணமாகப் பொளி அடிக்கும் வேலையை அவர் எம்மிடம் ஒப்படைத்தார். சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்து; அதற்கேற்ற பொளி. முதலாவது பொளிக்கு நாம் மூன்று மணித்தியாலம் எடுத்தோம். அது கோணலாக இருந்தது. அடுப்புக்கு என்று அவர் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்துத் தந்தார். பதினோராவது பொளியில்தான் தலையசைத்தார். சீவுளி வேலை முழுவதும் அவருடையது. தள்ளும் வேலையின்போது அவர் கை நடுங்கவில்லை.

தை மாதத்து வெடிப்பு

மரம் உலர்ந்தபின் அசையாது என்று எண்ணுவது பெரும் பிழை. அது ஆண்டுதோறும் அகலத்தில் விரிந்து சுருங்கும். நீளத்தில் அசைவு இல்லையென்றே கூறலாம். பச்சை நிலையிலிருந்து முற்றாக உலரும்வரை வெள்ளை ஆஷ், வளையங்களின் போக்கில் 7.8 வீதமும் வளையங்களுக்குக் குறுக்கே 4.9 வீதமும் சுருங்கும். குற்றியின் ஓரத்தில் அரிந்த பலகை கிண்ணம்போற் குழிவதும், நடுவே அரிந்த பலகை நேராக நிற்பதும் இவ்வேறுபாட்டால். குழிவு எப்போதும் பட்டைப் பக்கமாகவே விழும் என்பதை மாமா பலகை முனையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார். அதற்கேற்பவே கதவுக்கு நடுப்பலகைகளைத் தெரிந்தெடுத்தார்.

ஆனால் கனடாவின் வீடு அவருக்குப் புதியது. கடல் காற்று வீசும் ஊரில் மரம் ஆண்டு முழுவதும் ஓரளவு ஒரே ஈரத்தில் இருக்கும். இங்கோ கோடையில் மரத்தின் ஈரம் 10, 11 வீதத்துக்கு ஏறும். மாரியில் உலைக்காற்று வீட்டை உலர்த்த, 5, 6 வீதத்துக்கு இறங்கும். 40 சென்ரிமீற்றர் அகலமான ஆஷ் பலகை இதனால் நான்கு, ஐந்து மில்லிமீற்றர் அசையும். அதனாலேயே கதவுகளைச் சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்வது. நடுப்பலகையைப் பசையிடாமற் சட்டத்தின் தவாளிப்புக்குள் நழுவவிட வேண்டும். மாமா அவ்வாறே செய்தார். 2018 ஆடியில் அலுமாரி எழுந்து நின்றது. ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை பூசினோம். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றும்; விரித்து வெளியே உலரவிட வேண்டும், அல்லது நீர் நிரம்பிய தகரத்தில் இட வேண்டும். இதை அறியாது கராஜை இழந்தோர் இருக்கின்றார்கள்.

கார்த்திகையில் முதலாவது அறிகுறி. நடுப்பலகைகள் சுருங்கி, இரு ஓரங்களிலும் எண்ணெய் படாத வெண்கோடு தெரிந்தது. பொருத்துவதற்கு முன்னரே நடுப்பலகை முழுவதற்கும் எண்ணெய் பூசியிருக்க வேண்டும். சிறு தூரிகையால் ஒப்பேற்றினோம்.

பிழை மேற்பலகையிலும் இருந்தது. ஊர் வழக்கப்படி அதனைப் பக்கச் சட்டங்களுடன் பசையிட்டுத் திருகாணியால் இறுக்கியிருந்தோம். பதினெட்டு அங்குல அகலப் பலகை சுருங்க முயல, அதற்குக் குறுக்கே ஓடிய சட்டம் விடவில்லை. 2019 தை மாதத்துக் கடுங்குளிர் இரவொன்றில், ஒன்றரை மணியளவில், துப்பாக்கி வேட்டுப்போல் ஓர் ஒலி வீட்டை உலுக்கியது. நாம் படுக்கையிலிருந்து எழுந்து ஓடி வந்து விளக்கைப் போட்டபோது, மாமாவும் மாமியும் நடைபாதையிற் சுவரோரமாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். மாமியின் கை எமது இளைய மகனின் தலையை அமுக்கிப் பிடித்திருந்தது. எப்போது அவனைத் தூக்கி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கனடாவிற் பிறந்த அப்பிள்ளை, "என்ன அம்மம்மா, என்ன?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தான்.

அலுமாரியின் மேற்பலகை முன்னிருந்து பின்னாக அன்றி, நாரின் வழியே, இடமிருந்து வலமாக இரண்டடி நீளத்துக்குப் பிளந்திருந்தது. மாமா எழுந்து வந்து பிளவுக்குள் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். "இறுக்கிப் பூட்டினது என்ர பிழை," என்று மட்டும் சொன்னார். அன்றிரவு எவரும் மீண்டும் உறங்கவில்லை. மாமி தேநீர் வைத்தார். அந்த மேசையில் அமர்ந்துதான், 1990 இல் பட்டறையைப் பூட்டிய இரவைப் பற்றி அவர் பிள்ளைகளுக்கு முதன்முதலாகச் சொன்னார். விடுவிக்கப்பட்ட காணியைப் பார்க்கச் சென்ற உறவினர் ஒருவர் அனுப்பிய நிழற்படத்தையும் காட்டினார். அதில் வீட்டின் அத்திவாரமும் கிணறும் இருந்தன. பட்டறை இருந்த இடத்தில் பற்றை.

வசந்தத்தில் மேற்பலகையைக் கழற்றினோம். பசையை வாளால் அரிந்து பிரித்தோம். திருகாணித் துளைகளை முன்பின்னாக நீட்டி, பலகை நகர இடம்விட்டுப் பூட்டினோம். பிளவு மேலும் விரியாதிருக்க, உடுக்கு வடிவில் இரண்டு ஆப்புகளை மாமா செதுக்கி அதன் குறுக்கே பதித்தார். கறுத்த வால்நட் மரத்துண்டு அயலவரான இத்தாலிய முதியவர் தந்தது. வெள்ளைப் பலகையில் அவை தெளிவாகத் தெரிகின்றன. வர்ணம் பூசி மறைப்போமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். அதன்பின் வந்த மாரிகளில் அலுமாரி ஒலி எழுப்பவில்லை.

உறுதி இப்போது மூன்றாவது லாச்சிக்குள் இருக்கின்றது. பிஸ்கற் தகரத்தில் மாமி நூலும் ஊசியும் வைத்திருக்கிறார். இரண்டாவது மரத்தின் பலகைகள் கராஜில் அடுக்கியபடி நிற்கின்றன. அவற்றில் ஒரு கட்டில் செய்வதாக மாமா அளவு எடுத்து வைத்திருக்கிறார். ஆவணி மாதத்தில் இறுகிக்கொள்ளும் இடப்பக்கக் கதவை அதற்கு முன் கொஞ்சம் சீவித் தருமாறு மாமி ஆண்டுதோறும் கேட்கிறார். சீவினால் தை மாதத்தில் இடைவெளி விழும் என்று மாமா ஆண்டுதோறும் மறுக்கிறார்.